ஆடிட்டரிடம் போகலாமா, நாமே தாக்கல் செய்யலாமா?

2024-25 நிதியாண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு வழக்கமான ஜூலை 31 என்ற கெடுவை வருமான வரித்துறை 2025 செப்டம்பர் 15 வரை நீட்டித்திருந்தது. அதனால்தானோ என்னவோ, அப்போது வந்த கடிதங்களில் சொந்தமாகத் தொழில் செய்பவர்களின் கடிதங்களே மிகுதி. ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருப்பது ஒரே கேள்வி: ஆடிட்டர் தேவையா? நானும் ஆடிட்டர் தொழிலில் இருப்பவன் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டே என் பதில்களைப் படிக்க வேண்டுகிறேன். மூன்று கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2024 மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே கைப்பேசிச் செயலிகளுக்கு நிரல் எழுதித் தருகிறேன். இரண்டு இந்திய நிறுவனங்களும் ஒரு ஜெர்மானிய நிறுவனமும் என் வாடிக்கையாளர்கள். கடந்த நிதியாண்டில் என் வங்கிக் கணக்குக்கு வந்த தொகை 13,10,000 ரூபாய். அதில் 5 லட்சம் ஜெர்மனியிலிருந்து வந்தது. இதுதவிர வைப்புநிதி வட்டி 12,000 ரூபாய் உண்டு. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் வரியே வராது, நீயே தாக்கல் செய்துகொள் என்கிறான் நண்பன். ஆடிட்டர் 6,000 ரூபாய் கட்டணம் கேட்கிறார். வரியே இல்லாத கணக்குக்கு இந்தச் செலவு தேவையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்லும் வழி சட்டத்தில் இருப்பதுதான். 2024-25-க்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்படி, குறிப்பிட்ட சில தொழில்களைச் செய்பவர்கள் தங்கள் மொத்த வரவில் பாதியையோ அதற்கு மேற்பட்ட தொகையையோ வருமானமாக ஒப்புக்கொண்டு, செலவுக்கணக்கைத் தனியாகக் காட்டாமலே வரி செலுத்திவிடலாம். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவற்றோடு தகவல் தொழில்நுட்பமும் அந்தப் பட்டியலில் அறிவிக்கப்பட்டிருப்பதால், நிரல் எழுதும் நீங்கள் தயக்கமின்றி இந்தப் பிரிவைப் பயன்படுத்தலாம்.

ஆனால் எந்தத் தொகையில் பாதி என்பதில்தான் உங்கள் கடிதம் தவறுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் 13,10,000 வங்கிக்கு வந்துசேர்ந்த தொகை. ஜெர்மானியப் பணம் 5 லட்சம் போக இந்திய நிறுவனங்களிடமிருந்து வந்தது 8,10,000. அந்த நிறுவனங்கள் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசிடம் கட்டும் வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருக்கும் என்பதால், நீங்கள் அவர்களுக்குப் போட்ட பில் 9 லட்சமாக இருந்திருக்க வேண்டும். பிடித்த 90,000 ரூபாயும் உங்கள் வரவுதான். உங்கள் பெயரில் அரசிடம் கட்டப்பட்ட வரி அது. ஆகவே மொத்த வரவு 14 லட்சம், அதில் பாதி 7 லட்சம்.

இங்கே இன்னொரு நுட்பம் இருக்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்குப் புதிய வரி முறையில் (வீதம் குறைவு, கழிவுகளும் குறைவு) 7 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைத்து வரி முழுவதும் நீங்கிவிடும். உங்கள் தொழில் வருமானம் அந்தக் கோட்டின்மீதே நிற்கிறது. வைப்புநிதி வட்டியான 12,000 ரூபாயைச் சேர்த்தவுடன் மொத்தம் 7,12,000 ஆகிவிடுகிறது; வரம்பைச் சற்றே தாண்டியவரின் வரி, தாண்டிய தொகையை மிஞ்சாதபடி சட்டம் தரும் விளிம்பு நிவாரணத்துக்குப் பிறகு 12,000 ரூபாய் வரியும் 4 சதவீத மேல்வரியும் சேர்ந்து 12,480 ரூபாய் வருகிறது. அதைக் கழித்துக்கொண்டு 77,520 ரூபாய் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். நண்பர் சொன்னபடி 13,10,000-இல் பாதியைக் காட்டியிருந்தால், வரி ஏதுமில்லை என்று சொல்லி 90,000 முழுவதையும் கேட்டிருப்பீர்கள். 9 லட்சம் பில் தொகையும் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏற்கெனவே பதிவாகியிருப்பதால், நீங்கள் காட்டிய வரவு அதோடு பொருந்தாமல் நோட்டீஸ் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

இந்தத் தவறு அறியாமையால் நேர்வதே தவிர ஏமாற்றும் எண்ணத்தால் நேர்வதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கட்டட வரைபடம் போடும் பொறியாளர் ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவுள்ள ஒரு டைரியை எடுத்து மேசைமீது வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கட்டுமான நிறுவனத்தின் பெயர், தொகை எல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருந்தன. 45,000, 27,000, 90,000 என்றுதான் தொகைகள் இருந்தன. 50,000, 30,000, 1,00,000 என்று அவர் போட்ட பில்கள் அந்த டைரியில் எங்குமே இல்லை. கம்பெனியே வரியைப் பிடித்துவிட்டதால் தன் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணி, நான்கு ஆண்டுகளாக அவர் எதையும் தாக்கல் செய்திருக்கவில்லை. கணினியில் அவருடைய 26ஏஎஸ் பக்கங்களைத் திறந்து ஆண்டுவாரியாகக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனவர், கடைசியில் “இது அத்தனையும் என் பணமா?” என்று கேட்டார். கெடு கடந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்து பணத்தைப் பெற முடிந்தது. மற்ற ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரி 119ஆவது பிரிவின்கீழ் வரித்துறை ஆணையருக்கு விண்ணப்பித்து, பல மாதங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் ஆண்டிலேயே யாரையாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த அலைச்சல் முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இந்த ஆண்டு ஆடிட்டரிடம் போங்கள். படிவத்தை நிரப்புவது கடினம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்குரிய ஐடிஆர்-4 படிவத்தை வருமான வரித்துறையின் இணையதளத்திலேயே, கட்டணம் ஏதுமின்றி, ஒரு மாலை நேரத்தில் நீங்களே நிரப்பிவிடலாம். ஆனால் இது நீங்கள் தனித்தொழிலுக்கு வந்த முதல் ஆண்டு. எந்தப் படிவம், எந்த வரி முறை, பில் எப்படி இருக்க வேண்டும், ஜெர்மனியிலிருந்து வரும் பணத்துக்கு வங்கியிடம் எந்தச் சான்றைக் கேட்டு வாங்கிவைக்க வேண்டும் என்பன போன்ற தீர்மானங்கள் இந்த ஆண்டில்தான் எடுக்கப்படுகின்றன. வரி முறை விஷயத்தில் இது இன்னும் முக்கியம். சம்பளக்காரர் ஆண்டுக்கு ஆண்டு பழைய முறைக்கும் புதிய முறைக்கும் மாறிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவத்தைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும், ஒருமுறை அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்தால் மீண்டும் போக முடியாது. வேலையில் இருந்த காலத்துப் பழக்கத்தில் இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர்.

அடுத்த ஆண்டு உங்கள் வரவு இதே வகையில், இதே அளவில் இருந்தால், நீங்களே தாக்கல் செய்யுங்கள் என்று மனமாரச் சொல்வேன். 2025-26ஆம் ஆண்டுக்குத் தள்ளுபடி வரம்பு 12 லட்சமாக உயர்ந்துவிட்டதால், உங்கள் அளவு வரவுக்கு வட்டியைச் சேர்த்தாலும் வரி வராது. ஆனால் பங்குகளை விற்றுக் குறுகிய கால லாபம் வந்தாலோ, வெளிநாட்டில் சொத்தோ வங்கிக் கணக்கோ இருந்தாலோ ஐடிஆர்-4 உங்களுக்குப் பொருந்தாது. மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அந்த 20 லட்சத்தைக் கணக்கிடும்போது ஜெர்மானிய நிறுவனத்தின் பணமும் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். வருமானம் கூடி, டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொடும் ஆண்டில், 44ஏடிஏ பிரிவில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் முன்வரியை (ஆண்டு முடியுமுன்னே கட்டும் வரி) ஒரே தவணையாகக் கட்டியாக வேண்டும். கட்டத் தவறினால் வட்டி சேரும். இவற்றில் ஏதேனும் ஒன்று நிகழும் ஆண்டில் மீண்டும் ஆடிட்டரிடம் போவதே நல்லது.

ஒன்றை மட்டும் இப்போதே தொடங்கிவிடுங்கள். பில் எண், தேதி, வாடிக்கையாளர், பில் தொகை, பிடித்த டிடிஎஸ், வங்கிக்கு வந்த தொகை என ஆறு பத்திகள் கொண்ட ஒரு பட்டியலை மாதந்தோறும் நீங்களே எழுதிவாருங்கள். எந்த ஆடிட்டரும் உங்களுக்காக இதைச் செய்ய முடியாது. இதோடு வருபவரிடம் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுவதால் கட்டணமும் குறையும். இது இல்லாமல் வங்கி அறிக்கையை மட்டும் நீட்டுபவருக்குத்தான் நாங்கள் பெரும்பாலும் ஊகித்து எழுத நேர்கிறது.

கேள்வி: பதிப்பகங்களுக்கும் மொழிபெயர்ப்பு நிறுவனங்களுக்கும் மொழிபெயர்த்துத் தருகிறேன். 2024-25இல் மொத்த வரவு 6,40,000 ரூபாய். கணினி, இணையம், அகராதிகள், பயணம் என்று செலவு 90,000 ரூபாய் இருக்கும். டிடிஎஸ் 61,000 பிடித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் வரித் தாக்கல் செய்துதரும் ஒருவர், திரும்பி வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கமிஷனாக வாங்கிக்கொள்கிறார். போன ஆண்டும் அவர்தான் செய்தார். வீட்டு வாடகை, காப்பீடு, கட்சி நன்கொடை என்று அவர் எதையோ எழுதியதாகப் பிறகு தெரிந்தது. நான் நன்கொடை எதுவும் கொடுக்கவில்லை. ஆடிட்டரிடம் போனால் செலவு அதிகமாகுமே என்று தயங்குகிறேன்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, முதலில் உங்களைக் கலங்க வைக்காத செய்தியைச் சொல்லிவிடுகிறேன். 6,40,000 வரவில் 90,000 செலவைக் கழித்தால் 5,50,000. புதிய வரி முறையில் இதற்கு வரும் வரி 12,500 ரூபாய். அது முழுவதும் தள்ளுபடியில் போய்விடும். உண்மையான கணக்கைக் காட்டினாலே, வேறு வருமானம் இல்லாத பட்சத்தில், நீங்கள் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. 61,000 ரூபாயும் உங்களுக்கு வந்துசேர வேண்டும். சட்டம் தானாகவே தரும் பணத்தை, பொய்யான கழிவுகளை எழுதி வாங்கித் தருவதாகச் சொல்லி, அதற்கு 6,100 ரூபாயும் ஒருவர் எடுத்துக்கொள்வது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

திரும்பி வரும் தொகையில் பங்கு கேட்பவரிடம் உங்கள் கணக்கை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அந்தத் தொகை பெருகப் பெருக அவருக்கு வருமானம் பெருகுகிறது. நோட்டீஸ் வரும்போது பெயர் உங்களுடையது. தவறான விவரங்களைக் காட்டி வருமானத்தைக் குறைத்ததாகத் தீர்ப்பானால், 270ஏ பிரிவின்படி அதற்குரிய வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் உண்டு. 2025 ஜூலை 14ஆம் தேதி நாடு முழுவதும் 150-க்கும் மேற்பட்ட இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இப்படிப் போலிக் கழிவுகளை எழுதித் தரும் இடைத்தரகர்களைக் குறிவைத்தே அது நடந்தது. தமிழ்நாடும் அதில் இருந்தது.

இன்றே நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணோடு உள்ளே நுழைந்து சுயவிவரப் பக்கத்தைத் திறந்து, அங்கே பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் யாருடையவை என்று பாருங்கள். கடவுச்சொல்லே உங்களிடம் இல்லையென்றால், ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணை (ஓடிபி) கொண்டு அதை மாற்றிக்கொள்ளலாம். என்னிடம் வந்த பலருடைய பக்கத்தில் தாக்கல் செய்துகொடுத்தவரின் எண்ணும் மின்னஞ்சலுமே இருந்திருக்கின்றன. குறை உள்ள கணக்கு என்று வரித்துறை அனுப்பும் நோட்டீசுக்கு 15 நாளில் பதில் தர வேண்டும். அது யாரோ ஒருவருடைய மின்னஞ்சலில் படிக்கப்படாமல் கிடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்ல ஆடிட்டரிடம் போனாலும் இந்த இரண்டு இடங்களிலும் உங்கள் எண்ணும் உங்கள் மின்னஞ்சலுமே இருக்கட்டும்.

இனி ஆடிட்டர் விஷயம். முன்னைய கடிதத்தின் கோவை வாசகருக்கு ஓர் ஆண்டு போதும் என்றேன். உங்களுக்கு இந்த ஆண்டு ஆடிட்டர் கண்டிப்பாகத் தேவை என்கிறேன், உங்கள் வரவு அவருடையதில் பாதிகூட இல்லாதபோதும். காரணம், 44ஏடிஏ பிரிவின் பட்டியலில் மொழிபெயர்ப்பு இல்லை. திரைப்படத்துக்குக் கதை, வசனம், பாடல் எழுதுபவர்கள்கூடத் திரைக்கலைஞர்கள் என்ற முறையில் அதில் இடம்பெறுகிறார்கள். புத்தகத்தை மொழிபெயர்ப்பவருக்கு அங்கே இடமில்லை. இதை ஒரு வணிகமாகக் கொண்டு, சிறுவணிகர்கள் வரவில் ஒரு பங்கையே லாபமாகக் காட்ட விடும் 44ஏடி பிரிவில் காட்டலாம் என்று கருதுவோர் உண்டு, கூடாது என்போரும் உண்டு. அந்தப் பிரிவுக்குள் போய்விட்டு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியே வந்தால் அதன்பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு அதன் சலுகை கிடைக்காது என்ற நிபந்தனையும் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், உங்களுக்கு உண்மையான வரவு செலவைக் காட்டி ஐடிஆர்-3 படிவத்தில் தாக்கல் செய்வதே பாதுகாப்பான வழி. லாபம் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருப்பதால் கணக்குப் புத்தகங்களும் வைத்திருக்க வேண்டும். ஐடிஆர்-3 நீளமான படிவம். முதல்முறை அதைத் தனியாக நிரப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

போன ஆண்டுக் கணக்கைச் சரிசெய்வது இரண்டாவது காரணம். பொய்யான கழிவுகளால் வரி குறைந்திருந்தால், திருத்திய புதுப்பிப்புக் கணக்கை நீங்களாகவே முன்வந்து தாக்கல் செய்ய வழியிருக்கிறது. 2026 மார்ச் 31-க்குள் செய்தால், விடுபட்ட வரி, வட்டி இரண்டின் கூட்டுத்தொகையில் 25 சதவீதத்தைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது 50, 60, 70 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். வரித்துறையிடமிருந்து நோட்டீஸ் வருவதற்கு முன்பே செய்வதுதான் உங்களுக்கு நல்லது. போன ஆண்டு அவர் எந்தப் படிவத்தில், எந்த வரி முறையில் தாக்கல் செய்தார் என்பதைப் பார்த்த பிறகே தொகையைச் சொல்ல முடியும். அந்தப் படிவத்தின் நகலை இணையதளத்திலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆடிட்டர் என்று பலகை மாட்டியிருக்கும் எல்லோரும் பட்டயக் கணக்காளர்கள் அல்லர். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, முறையானவர் யாரும் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். தாக்கல் செய்வதற்கு முன்பு வருமானக் கணக்கீட்டுத் தாளை அச்சிட்டுத் தரச்சொல்லி, ஒவ்வொரு கழிவும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே ஆதார் ஒருமுறை எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணைச் சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அவர் எண்ணைக் கேட்காமலே போய்விட்டால், தாக்கல் செய்த 30 நாளுக்குள் நீங்களே சரிபார்ப்பை முடித்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கட்டட வடிவமைப்பாளராக இருக்கிறேன். இதுவரை ஐடிஆர்-4 படிவத்தை நானே தாக்கல் செய்துவந்தேன். 2024-25இல் மொத்த வரவு 56 லட்சம். அதில் 8 லட்சம் ரொக்கமாக வந்தது. வரம்பை 75 லட்சமாக உயர்த்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வழக்கம்போல நானே செய்துகொள்ளலாமா?
– ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: செய்ய இயலாது. 44ஏடிஏ பிரிவுக்கு 75 லட்சம் என்ற வரம்பு, ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு மட்டுமே. உங்கள் மொத்த வரவில் 5 சதவீதம் 2,80,000. நீங்கள் ரொக்கமாக வாங்கியது 8 லட்சம். ஆகவே உங்களுக்கு 50 லட்சம் என்ற பழைய வரம்புதான் பொருந்தும், அதைத் தாண்டிவிட்டதால் 44ஏபி பிரிவின்கீழ்ப் பட்டயக் கணக்காளர் ஒருவரின் தணிக்கை கட்டாயம். உங்கள் விஷயத்தில் ஆடிட்டர் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. தணிக்கை செய்யாமல் விட்டால் மொத்த வரவில் அரை சதவீதம், அதாவது 28,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

தணிக்கை அறிக்கைக்குச் சட்டம் குறித்திருக்கும் நாள் செப்டம்பர் 30. ஆண்டு முழுவதுக்குமான கணக்குப் புத்தகங்களை எழுதி முடிக்க வேண்டியிருப்பதால் இந்த வாரமே ஒருவரைப் பாருங்கள். போகும்போது ரொக்க ரசீதுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அந்த 8 லட்சத்தில், ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே பணிக்காகவோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியிருந்தால், வாங்கிய தொகைக்கு ஈடான அபராதம் விதிக்கும் வேறொரு பிரிவும் இருக்கிறது. ரசீதுகளைப் பார்த்தவுடன் உங்கள் ஆடிட்டர் முதலில் தேடப்போவது அதைத்தான்.